கிரகணத்தன்று வெளியே வந்தவர்கள்

பஸ் ஏறினதும் சாப்பிட்டாச்சான்னு கேட்டீங்கல்ல, ஆச்சுன்னு சொன்னேன். பொய்ண்ணே. சாப்பிடல. கெடா வெட்டி விருந்து. எனக்கு இலை போட்டு, தண்ணி தெளிச்சு, சோறும் வெச்சுட்டாங்க. எந்திரிச்சு வந்துட்டேன். சோறு வெச்ச இலையை விட்டுட்டு வர்றது எவ்வளவு பெரிய அவமரியாதைன்னு எனக்குத் தெரியாதா? நானும் இந்தப் பக்கத்து ஆளுதான்.

இல்லண்ணே, சண்டையெல்லாம் இல்ல. சண்டை போட்டிருந்தாத் தேவலையே.

நான் வாத்தியார். இங்க ஒரு நடுநிலைப் பள்ளியில அறிவியல் எடுக்கிறேன். ஆறு, ஏழு, எட்டு. ஆள் பத்தலைன்னு அஞ்சாம் வகுப்புக்கும் நான்தான். பேரு செங்குட்டுவன். ஆனா அந்த ஊர்ல போய்ச் செங்குட்டுவன் யாருன்னு கேட்டா முழிப்பாங்க. அறிவியல் சார்னு கேட்டாத்தான் பள்ளிக்கூடத்துக்கு வழி சொல்லுவாங்க. பெருமைக்குச் சொல்லல. புஸ்தகத்தை வாசிச்சுட்டுப் போற ஆளு இல்ல நான். செம்பருத்திப் பூவைக் கசக்கிச் சாறு எடுக்கச் சொல்லி, அதுல எலுமிச்சையையும் சோப்புத் தண்ணியையும் ஊத்தி நிறம் மாறுறதைக் காட்டுவேன். கறிக்கடையில ஆட்டு நுரையீரல் வாங்கியாந்து குழாயை விட்டு ஊதிக் காட்டியிருக்கேன். ஹெட்மாஸ்டர் அன்னிக்கு முழுக்க மூக்கைப் பொத்திக்கிட்டே திரிஞ்சாரு.

ஏழாம் வகுப்புல கனிஷ்கான்னு ஒரு பொண்ணு. விசேஷம் அவங்க வீட்லதான். அவ தம்பிக்குக் காது குத்து. கனிஷ்கா எப்படின்னா, ஒரு நாள் எரியிற மெழுகுவர்த்தி மேல டம்ளரைக் கவுத்தேன். அணைஞ்சுது. காத்து இல்லைன்னா தீ எரியாதுன்னு சொன்னேன். எல்லாப் புள்ளைகளும் கை தட்டுச்சு. இது மட்டும் எந்திரிச்சு, "அப்ப வாயால ஊதினா ஏன் சார் அணையுது? காத்து குடுக்கத்தானே செய்யறோம்?"னு கேட்டுச்சு. எனக்கு டக்குனு வரல. "அதெல்லாம் மேல படிக்கையில வரும், உக்காரு"ன்னுட்டேன். வீட்டுக்குப் போய்த் தேடிப் படிச்சேன். மறுநாள் வந்து சொன்னேனான்னா, சொல்லல. போர்ஷன் முடிக்க வேண்டியிருந்துச்சு.

அந்தச் சூரிய கிரகணம் வந்துச்சு பாருங்க, காலையில, ஒரு பக்கம் பாதிக்கு மேல கடிச்ச மாதிரி. அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே எனக்குப் பாடம் அதான். பந்தை வெச்சு, டார்ச் லைட்டை வெச்சு, எல்லா வகுப்புலயும். கிரகணம்னா நிழல், அவ்வளவுதான். நிலா குறுக்க வருது, அதோட நிழல் நம்ம மேல விழுது. வெறுங்கண்ணால சூரியனைப் பாக்காதீங்க, அது என்னிக்குமே பாக்கக் கூடாது. மத்தபடி சாப்பிடலாம், குளிக்கலாம், வெளிய வரலாம். அப்பத்தான் ஒரு பய கேட்டான், முழுகாம இருக்கிறவங்க வரலாமா சார்னு. நான் மேசையைத் தட்டிச் சொன்னேன். "தாராளமா வரலாம். உங்க வீட்ல யாராச்சும் இருந்தாக் கூட்டிட்டு வாங்க. நான் பொறுப்பு."

நான் பொறுப்பு. யாருண்ணே கேட்டா அதை என்கிட்ட?

அன்னிக்கு ஞாயித்துக்கிழமை. பள்ளிக்கூட மைதானத்துல பெரிய புங்கமரம் இருக்கு. கிரகணம் பிடிச்சதும் அது நிழல்ல பாத்தா, இலைச் சந்து வழியா விழற வெளிச்சம் எல்லாம் பிறை பிறையா விழும். தரையெல்லாம் பிறை. மேல பாக்கவே வேண்டியதில்ல. புள்ளைங்க குதிச்சு ஆடுதுங்க. சட்டை மேல பிறை, மொட்டைத் தலை மேல பிறை.

முழுகாம இருந்தவங்கள்ல வந்தது ஒருத்தங்கதான். கனிஷ்காவோட அம்மா, அழகுமீனா. ஏழாவது மாசம். வீட்டுக்காரர் கேரளாவுல சென்ட்ரிங் வேலை பாக்கிறாரு. வீட்ல அவரோட அக்கா, வள்ளிக்கண்ணுன்னு, அவங்க வெச்சதுதான் சட்டம். அன்னிக்கு அவங்க ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தாங்க. இருந்திருந்தா விட்டிருக்க மாட்டாங்க. அழகுமீனா தலையில துண்டைப் போட்டுக்கிட்டு, பயந்து பயந்து மரத்தடிக்கு வந்தாங்க. கனிஷ்காதான் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து, "இங்க நில்லும்மா, இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்"னு நிக்க வெச்சா. சேலை மேல, சரியா வயித்து மேல, பிறை பிறையா விழுந்துச்சு. அந்தம்மா சிரிச்சுட்டாங்க. "கூசுற மாதிரி இருக்கு சார்"னாங்க. வெயில்தாம்மா அதுன்னு சொன்னேன். நான் போனை எடுத்து ஒரு போட்டோ எடுத்தேன். முகம் தெரியாது, வயிறும் பிறையும் மட்டும். அதை ஆசிரியர் குரூப்புல போட்டேன். 'மூடநம்பிக்கையை முறியடித்த மாணவி'ன்னு நானே தலைப்பும் குடுத்தேன். கைதட்டுற பொம்மையா வந்து குவிஞ்சுது. மாவட்டக் கூட்டத்துல பெரிய திரையில போட்டுக் காட்டினாங்க. அழகுமீனாகிட்டக் கேட்டேனான்னா... அதான் முகம் தெரியாதே.

எங்க வீட்லயா? சரியா அங்கதான் கேக்கிறீங்க.

எங்க வீடு பக்கத்து ஊர்ல. என் சம்சாரம் சுகன்யாவுக்கு அப்ப அஞ்சு மாசம். எங்கம்மா முதல் நாளே ஜன்னலுக்கெல்லாம் போர்வையைக் கட்டிட்டாங்க. காலையில நான் கிளம்பறப்ப சுகன்யா வாசப்படி வரைக்கும் வந்தா. "பிறை பிறையா விழும்னு சொன்னீங்களே, நானும் வரட்டா?"ன்னா. உள்ளேயிருந்து எங்கம்மா இருமுறாங்க. "அம்மா மனசு கஷ்டப்படும், விடு, போட்டோ எடுத்துட்டு வந்து காட்டறேன்"னு சொல்லி, நான்தான் கதவை இழுத்துச் சாத்திட்டுப் போனேன். இதுல தப்பு ஒண்ணுமில்லையேண்ணே? வயசானவங்களோட எதுக்கு மல்லுக்கட்டணும்? பாடம் வேற, வீடு வேற. எல்லா வாத்தியார் வீட்லயும் இப்படித்தான். கேட்டுப் பாருங்க.

போட்டோவை வந்து காட்டினேன். பாத்துட்டு, ஜன்னல் போர்வையை அவுக்கப் போயிட்டா.

ரெண்டு மாசம் கழிச்சு அழகுமீனாவுக்கு ஆம்பளப் புள்ள பொறந்துச்சு. மேல் உதடு பிளந்திருந்துச்சு. மூக்கு வரைக்கும்.

எனக்கு உடனே தெரியாது. கனிஷ்கா பள்ளிக்கூடத்துக்கு வரல. தம்பி பொறந்திருக்கான்ல, வீட்ல ஒத்தாசைக்கு இருப்பான்னு நெனச்சேன். நாளாச்சு, வரவே இல்ல. பக்கத்து வீட்டுப் புள்ளையைக் கேட்டப்ப அது என் மூஞ்சியைப் பாக்காமச் சொல்லுச்சு. "அவ உங்க பேச்சைக் கேட்டு அம்மாவைக் கூட்டிட்டு வந்தாள்ல சார், அதுனால தம்பி வாயைக் கிரகணம் வெட்டிருச்சாம்."

அன்னிக்கே போனேன். அது உண்மை, அன்னிக்கே போனேன்.

வாசல்ல வள்ளிக்கண்ணு. "வாங்க வாத்தியாரே. பொறுப்புன்னு சொன்னீங்களாம்ல? உள்ள கெடக்குது உங்க பொறுப்பு, பாத்துட்டுப் போங்க"ன்னாங்க.

உள்ள கனிஷ்காதான் தம்பிக்குப் பாலாடையில பால் குடுத்துக்கிட்டிருந்தா. அந்தப் புள்ளையால உறிஞ்சிக் குடிக்க முடியாது. சொட்டுச் சொட்டா விடணும். கொஞ்சம் வேகமா விட்டா மூக்கு வழியா வந்துரும். அவ அவ்வளவு நிதானமா விட்டுக்கிட்டிருக்கா. என்னைப் பாத்ததும் வழக்கமா எந்திரிச்சு நிப்பா. நிக்கல. நிமிரவே இல்ல.

நான் சொன்னேன். எல்லாத்தையும் விளக்கிச் சொன்னேன். "அம்மா, வயித்துல இருக்கிற புள்ளைக்கு உதடு ரெண்டாவது மாசம், மூணாவது மாசத்துக்குள்ளயே ஒட்டி முடிஞ்சிரும். கிரகணம் வந்தப்ப உங்களுக்கு ஏழாவது மாசம். அதுக்கு எத்தனையோ முன்னாடியே இது ஆனது. இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல." இது சத்தியமான உண்மைண்ணே. எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.

வள்ளிக்கண்ணு எங்கேயோ போய் ஒரு போனை எடுத்துட்டு வந்தாங்க. நான் எடுத்த போட்டோ. சுத்திச் சுத்தி அந்த வீட்டுக்கே வந்திருக்கு. "மாசக் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது. வயித்துல விழுந்தது என்ன? பிறை. என் தம்பி புள்ள உதட்டுல இருக்கிறது என்ன? நல்லாப் பாத்துச் சொல்லுங்க"ன்னாங்க.

பாத்தேன்.

"அவரை ஒண்ணும் சொல்லாதீங்கண்ணி, நான்தானே போனேன்"னு மூலையிலேருந்து அழகுமீனா சொன்னாங்க. அழுது அழுது தொண்டை போயிருந்துச்சு. உடனே கனிஷ்கா, "அம்மா போகல, நான்தான் கூட்டிட்டுப் போனேன்"னா. அப்பத்தான் நிமிந்து என்னைப் பாத்தா. "சார், உங்க வீட்டு அக்காவும் முழுகாமத்தானே இருக்காங்க. அவங்க அன்னிக்கு வெளிய வந்தாங்களா?"

நீங்களே சொல்லுங்க. என் இடத்துல நீங்க இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? இல்ல, வரலன்னா? அந்த வீட்ல, அந்த நேரத்துல?

"வந்தாங்களே. நான் வீட்டுக்குத் திரும்பினப்பக்கூடக் கிரகணம் விடல. எங்க வாசல்ல, என் பக்கத்துலதான் நின்னாங்க"ன்னேன்.

அழகுமீனா மூலையிலேருந்து எந்திரிச்சு வந்தாங்க. "நெசமாவா சார்?"

"நெசமாம்மா."

அந்தம்மா முகத்தை நீங்க பாத்திருக்கணும். கழுத்துல கட்டின கல்லை யாரோ அவுத்து விட்ட மாதிரி. ரெண்டாவது மாசம், மூணாவது மாசம்னு நான் கத்தினது ஒண்ணும் ஏறல. இது ஏறிருச்சு. வள்ளிக்கண்ணு மட்டும் விடல. "அப்ப அந்தப் புள்ள பொறக்கட்டும், பாப்போம்"னாங்க.

அதுக்கப்புறம் சுகன்யாவுக்குப் புள்ள பொறக்கிற வரைக்கும் நான் பட்ட பாடு. சொல்லக் கூடாது, சொல்றேன். ஒரு நாள் பஸ்ல, இதே மாதிரி ஜன்னலோரம் உக்காந்திருக்கேன். நம்ம புள்ளைக்கும் அப்படி இருந்துட்டா, கதவைச் சாத்தி உள்ள இருந்தவளுக்கும் இப்படிப் பொறந்திருக்கே பாருங்கன்னு நிரூபிச்சிரலாமேன்னு ஒரு நெனப்பு. ஒரு நொடிதான். என் புள்ளைண்ணே. பொறந்ததும் நர்ஸம்மா பொம்பளப் புள்ளைன்னு சொல்லி நீட்டினாங்க. நான் வேற எதையும் பாக்கல, துணியை விலக்கி உதட்டைத்தான் பாத்தேன். நல்லா இருந்துச்சு. மறுநாளே போட்டோவைக் கொண்டு போய் வள்ளிக்கண்ணுகிட்டக் காட்டினேன். பாத்துட்டு, "புள்ள நல்லாருக்கட்டும்"னு மட்டும் சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. அதுக்கப்புறம் அந்த வீட்ல அழகுமீனாவைக் குத்திப் பேசறது நின்னுச்சு. கனிஷ்கா பள்ளிக்கூடத்துக்கு வந்துட்டா.

ஆபரேஷனுக்கும் நான்தான் அலைஞ்சேன். தஞ்சாவூர்ல ஒரு ஆஸ்பத்திரியில இதை இலவசமாச் செய்யறாங்கன்னு கண்டுபிடிச்சு, பேசி, நேர்ல கூட்டிட்டுப் போய்ச் சேத்தேன். புள்ளைக்கு எடை ஏறணும்னு காத்திருந்து, அப்புறம் செஞ்சாங்க. பிரமாதமா வந்திருக்கு. ஒரு கோடு மாதிரி தழும்பு, அவ்வளவுதான். அந்த நாள் பூரா அழகுமீனாவோட வார்டுல கூட இருந்தது கனிஷ்காதான்.

இவ்வளவு செஞ்சிருக்கேன். இதெல்லாம் கணக்குல வராதா?

இன்னிக்குக் காது குத்து. அழகுமீனா போன்ல திரும்பத் திரும்பச் சொன்னாங்க, உங்க வீட்டம்மாவும் பாப்பாவும் கண்டிப்பா வரணும்னு. நான் என்னென்னவோ சாக்குச் சொல்லிப் பாத்தேன். சுகன்யா கேக்கல. "அவங்க இவ்வளவு ஆசையாக் கூப்பிடறாங்க, நீங்க ஏன் பம்முறீங்க?"ன்னா. வர்ற வழியிலயாவது சொல்லியிருக்கலாம், நான் இப்படி ஒண்ணு சொல்லி வெச்சிருக்கேன், கேட்டா ஆமான்னு சொல்லிருன்னு. அவ சொல்லியிருப்பா. வாய் வரைக்கும் வந்துச்சு. அன்னிக்கு வரட்டான்னு கேட்டவளைத் தள்ளிக் கதவைச் சாத்திட்டு, இன்னிக்கு வந்தேன்னு சொல்லுன்னு எப்படிண்ணே கேக்கிறது?

பந்தியில ஆம்பளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க எதிர்ப்பக்கம். அழகுமீனா சுகன்யாவைப் பக்கத்துல உக்கார வெச்சு, ரெண்டு புள்ளைகளையும் மடியில போட்டுக்கிட்டு, அவ கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. எனக்கு எல்லாம் கேக்குது. "அன்னிக்கு நீங்க மட்டும் வெளிய வந்திருக்கலைன்னா நான் என்ன ஆயிருப்பேன்னு தெரியலம்மா"ன்னாங்க.

"என்னிக்குக்கா?"

"கிரகணத்தன்னிக்கு. உங்க வீட்டுக்காரர் சொன்னாரே."

சுகன்யா சிரிச்சா. அவளுக்கு ஒண்ணும் தெரியாதே. "நான் எங்கக்கா வந்தேன்? வரட்டான்னுதான் கேட்டேன், இவரு கதவைச் சாத்திட்டுப் போயிட்டாரு. நீங்க பாத்தீங்களா? குடுத்து வெச்சவங்க"ன்னா.

வள்ளிக்கண்ணு சோத்துக் கூடையோட அப்படியே நின்னுட்டாங்க. திட்டினாங்களா? இல்ல. என்னைப் பாத்தாங்க, என் இலையில இன்னொரு கரண்டி சோறு வெச்சாங்க, அடுத்த இலைக்குப் போயிட்டாங்க. அழகுமீனா முந்தானையை எடுத்து மகன் வாய் மேல போட்டு மூடிக்கிட்டாங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி யாராச்சும் வந்தா அப்படித்தான் மூடுவாங்க. இப்ப மூட அங்க என்ன இருக்கு?

அப்ப எந்திரிச்சவன்தான். கிளம்பலாம்னு சுகன்யாவைக் கூப்பிட்டேன். அதுக்குள்ள அவளுக்கு விளங்கிருச்சு. "நீங்க போங்க. நான் இவங்களோட இருந்துட்டு வர்றேன்"ன்னா. குரலை உயர்த்தலை. பாப்பாவைக்கூட என்கிட்டக் குடுக்கல.

பஸ் ஸ்டாப்புல நிக்கிறேன், கனிஷ்கா ஓடி வந்தா. என் செருப்பைத் தூக்கிட்டு வந்திருக்கா. நான் வெறுங்காலோட வந்ததே எனக்குத் தெரியல. "கோவமா கனிஷ்கா?"ன்னு கேட்டேன். இல்ல சார்னா. "எனக்கு முன்னாடியே தெரியும் சார், கிரகணத்தால இல்லைன்னு."

"எப்படித் தெரியும்?"

"தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில தம்பி மாதிரி நெறையப் பாப்பா இருந்துச்சுல்ல. எல்லாரோட அம்மாகிட்டயும் போய்க் கேட்டேன், நீங்க கிரகணத்துல வெளிய வந்தீங்களான்னு. ஒருத்தங்ககூட வரல சார். பாதிப் பேரு, அப்பக் கிரகணமே இல்லியேம்மான்னு சொன்னாங்க. ஆனா எல்லாப் பாப்பாவுக்கும் உதடு அப்படித்தான் இருந்துச்சு."

பன்னெண்டு வயசுப் பொண்ணுண்ணே. நான் சொல்லிக் குடுக்கல அதை. எனக்குத் தோணவே இல்ல.

"எங்க வீட்டைப் பத்தி நான் சொன்னது?"ன்னேன். ஏன் கேட்டேன்னு தெரியல.

"அதை நான் கணக்குல சேத்துக்கல சார்."

"ஏன்?"

என் மனசு நோகாம எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சா போல. "அப்ப நாங்க எல்லாரும் அழுதுக்கிட்டு இருந்தோம். அழறவங்ககிட்ட எல்லாரும் நல்லதாத்தானே சார் சொல்லுவாங்க"ன்னா.

சரி, அம்மாகிட்ட இதைச் சொல்லலையான்னு கேட்டேன். "சொன்னேன். நீ சின்னப் புள்ள, உனக்கென்ன தெரியும், சார் சொன்னாரே, அது போதும் எனக்குன்னுட்டாங்க. அம்மாவுக்கு நீங்க சொன்னதுதான் சார்." செருப்பை என் காலடியில வெச்சா. "இப்பப் போய் ஆஸ்பத்திரி விஷயத்தைத் திரும்பச் சொன்னா நம்புவாங்களா சார்? அதையும் பொய்யின்னு நெனச்சுருவாங்களோ?"

அப்பப் பாத்து இந்த பஸ் வந்துச்சு. ஏறிட்டேன். அவ கேட்டுக்கிட்டு நிக்கிறப்பவே ஏறிட்டேண்ணே. திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துல பேசிக்கலாம்னு இருந்தேன். ஆனா கனிஷ்காகிட்டப் பேசி என்ன பண்றது? அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே. அழகுமீனாகிட்டல்ல பேசணும். நான் சொன்னது பொய்யி, உங்க மக கேட்டுட்டு வந்ததுதான் உண்மைன்னு நான்தானே போய் நிக்கணும். அந்த இலையை எடுத்திருப்பாங்களோ என்னவோ.

இங்கேருந்து திரும்பிப் போக பஸ் இருக்குமாண்ணே? இல்லாட்டிப் பரவாயில்ல, ரொம்ப தூரம் வந்துரல. கண்டக்டர், இங்கயே நிறுத்துங்க. கொஞ்சம் காலை மடக்குங்கண்ணே, இறங்கிக்கிறேன்.